சைகோன் துணிச் சந்தையில் சிக்கிய என் ஐந்து லட்சம்: முன்பணம் கொடுப்பவர்களுக்குச் சில விஷயங்கள்

திருச்சியில் சின்னதாக ஒரு பொட்டீக் வைத்திருக்கிறேன். அதோடு மதுரை, கோவைப் பக்கம் சில தையல் கடைகளுக்குத் துணியும் சப்ளை செய்கிறேன். 2023 நவம்பரில் வியட்ஜெட் விமானம் திருச்சியிலிருந்து வியட்நாமின் ஹோ சி மின் நகரத்துக்கு நேரடியாகப் பறக்க ஆரம்பித்த பிறகு, எங்களைப் போன்றவர்களுக்கு அந்த ஊர் கிட்டே வந்துவிட்டது. (நகரத்தின் பெயர் மாறிப் பல வருடம் ஆனாலும் அங்கே இருப்பவர்கள் சைகோன் என்றுதான் சொல்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.) லேஸ், சாட்டின், லினன் எல்லாம் அங்கே நல்ல விலைக்குக் கிடைக்கும் என்று சொல்ல ஆயிரம் யூடியூப் வீடியோ இருக்கிறது. பணம் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். போனது மொத்தமும் திரும்பி வரவில்லை. ஆனால் அந்தச் சந்தை எப்படி ஓடுகிறது என்பது புரிந்தது.

வியட்நாம் போய் வந்த எல்லாரும் முதலில் சொல்வது, "அங்கே பொம்பளைங்க ராஜ்ஜியம்." பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. நான் ஏறிப் போன விமான நிறுவனத்தை நடத்துபவரே ஒரு பெண். நுயென் தி ஃபுவோங் தாவ், அந்த நாட்டின் முதல் பெண் டாலர் பில்லியனர். பெரிய பால் கம்பெனியான வினாமில்க்கைப் பல வருடமாக நடத்தி வருபவர் மாய் கியெவ் லியென், அவரும் பெண். 'தான் பின்' என்ற துணிச் சந்தைக்குள் நுழைந்தால் கடைக்குக் கடை பெண்கள்தான். ஆளுயரத்துக்குத் துணி ரோல்கள், நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், அதில் கால்குலேட்டரோடு ஒரு அக்கா. எனக்கு உடனே ஒரு நிம்மதி வந்தது. நம்ம ஊர் மொத்தக் கடைகளில் "உங்க வீட்டுக்காரர் வரலையாம்மா?" என்று கேட்டே பாதி நேரத்தைத் தின்பார்கள். இங்கே அந்தக் கேள்வியே இல்லை.

நான் வாடிக்கையாகப் போன கடைக்கார அக்காவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. எங்களுக்குள் பொது மொழி கிடையாது. ஸாலோ ஆப்பில் அவர் அவர் மொழியில் அனுப்புவார், நான் மொழிபெயர்ப்பில் போட்டுப் படிப்பேன். நேரில் என்றால் கால்குலேட்டர்தான் பாஷை. அவர் ஒரு எண்ணைத் தட்டுவார், நான் அழித்துவிட்டு வேறு எண்ணைத் தட்டுவேன், இரண்டு பேரும் சிரிப்போம். கடையின் தரையில், மூலையில், செல்வத்துக்கான சாமிக்கு ஒரு சின்னச் சிவப்பு மாடம் இருக்கும். காலையில் அதற்கு ஒரு கப் கறுப்புக் காப்பி வைத்துவிட்டுத்தான் வியாபாரம். இங்கே ஒரு முக்கியமான விஷயம்: காலையில் போணி ஆவதற்கு முன் போய், எல்லாத் துணியையும் இறக்கச் சொல்லி, பேரம் பேசிவிட்டு வாங்காமல் வராதீர்கள். பக்கத்துக் கடையில் ஒரு வட இந்திய வியாபாரி அப்படிச் செய்துவிட்டுப் போனதும், அந்தக் கடைப் பெண் ஒரு காகிதத்தைக் கொளுத்திக் கடை வாசலில் இப்படியும் அப்படியும் ஆட்டியதை நான் பார்த்தேன். திருஷ்டி கழிப்பது போலத்தான். சும்மா பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் பத்து மணிக்கு மேல் போங்கள்.

இரண்டு சீசன் எல்லாம் ஒழுங்காக நடந்தது. கொஞ்சம் முன்பணம், சொன்ன தேதியில் சரக்கு, கார்கோ கம்பெனி வழியாக ஏற்றுமதி. 2025 தீபாவளிக்குப் பெரிய ஆர்டர் எடுத்தேன். ஜூலையில் அக்கா, "முன்பணம் கூடக் கொடுத்தால் மீட்டருக்கு விலை குறைத்துத் தருகிறேன்" என்றார். 15 கோடி டோங் போட்டேன். கோடி என்றதும் பயப்படாதீர்கள், ஒரு ரூபாய்க்குச் சுமார் 300 டோங் வரும். நம்ம கணக்கில் ஐந்து லட்சம். ஆகஸ்ட் பாதியில் ஸாலோவில் பதில் நின்றது. விமானம் ஏறிப் போய்ப் பார்த்தால் கடைக்குத் தார்ப்பாய் போர்த்திக் கயிறு கட்டியிருந்தார்கள். மாடத்தில் காப்பி கப் காலி. எனக்குக் கால் நடுங்கிவிட்டது. அந்த ஊரில் யாரிடம் போய் எந்த மொழியில் அழுவது?

பக்கத்துக் கடைப் பெண் போனில் மொழிபெயர்ப்பைப் போட்டுக் காட்டினார். வந்த வார்த்தை, "சீட்டு உடைந்துவிட்டது."

சீட்டு என்றதும் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. தென் வியட்நாமில் அதை ஹுய் என்கிறார்கள். அச்சு அசலாக நம்ம ஏலச்சீட்டுதான். யார் அதிகம் தள்ளிக் கேட்கிறார்களோ அவர்களுக்கு அந்தத் தவணைப் பணம். சீட்டு நடத்துபவருக்குக் கமிஷன். சந்தைக்குள் நாள் சீட்டும் உண்டு. சாயங்காலம் இடுப்புப் பையோடு ஒரு அம்மா கடை கடையாக வந்து பணம் வாங்கி நோட்டில் குறித்துக்கொண்டு போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அது ஏதோ சில்லறைச் சேமிப்பு என்றுதான் தோன்றும். இல்லை. கடைக்குச் சரக்கு போட, பிள்ளையின் காலேஜுக்கு, ஆஸ்பத்திரிச் செலவுக்கு, எல்லாவற்றுக்கும் அந்த நோட்டுதான் வங்கி. அந்த அம்மா ஒரு நாள் போனை அணைத்துவிட்டு ஊரைவிட்டுப் போய்விட்டார். என் அக்கா அவரிடம் எடுக்காத சீட்டு சில வைத்திருந்தார், அந்தப் பணம் போயிற்று. அது மட்டும் என்றால் சமாளித்திருப்பார். அவரே தனக்குக் கீழே சின்னச் சீட்டு ஒன்று நடத்திக்கொண்டிருந்தார். அந்த உறுப்பினர்கள் கழுத்தைப் பிடித்ததும் கையில் இருந்த என் முன்பணத்தை எடுத்து அடைத்திருக்கிறார். என் துணிக்கு நெசவு ஆலைக்குப் போக வேண்டிய பணம் அப்படித்தான் போனது.

அந்த வருடம் ஏன் இது நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2025 ஜூன் 1 முதல், வருடத்துக்கு 100 கோடி டோங்குக்கு மேல் விற்கும் சில்லறைக் குடும்ப வியாபாரங்கள் வரித்துறையோடு இணைந்த பில் மெஷின் வைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அதுவரை குத்துமதிப்பாக ஒரு வரி கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தவர்களுக்கு அது இடி. தங்களுக்கும் வருமோ என்ற பயத்தில் பலர் கடையை மூடினார்கள். சிலர் வங்கியில் போடாதே, கையில் கொடு என்றார்கள். ஏற்கெனவே ஆன்லைன் கடைகள் சந்தைக் கூட்டத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தன. விற்பனை படுத்தால் நாள் சீட்டுக்குப் பணம் எங்கிருந்து வரும்? முதல் கண்ணி விட்டதும் எல்லாம் விட்டது. ஆகவே வழக்கமாகப் போகும் கடை திடீரென்று கையில் பணம் கேட்டாலோ, முன்பணத்துக்கு அதிகத் தள்ளுபடி சொன்னாலோ, வேறு யார் பெயரிலோ உள்ள கணக்கில் போடச் சொன்னாலோ, ஆர்டரை நிறுத்துங்கள். அன்பாகவே நிறுத்தலாம்.

அக்காவின் வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். சந்துக்குள் சந்து, நாலு மாடிக் குறுகல் வீடு. அவர் இல்லை, சொந்த ஊரான மேகொங் டெல்டா பக்கம் போயிருந்தார். வீட்டுக்காரர் இருந்தார். மரியாதையாக உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார். பிறகு, "வியாபாரம் அவள் பாடு. எனக்கு ஒன்றும் தெரியாது" என்றார். அப்போது எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. அவர் பொய் சொல்லவில்லை என்பது அப்புறம் மகள் பேசியபோதுதான் தெரிந்தது. நல்ல ஆங்கிலம் பேசும் பெண். அவள் சொன்ன குடும்பக் கதையை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் என் பணம் எங்கே போனது என்பதற்கு அதுதான் பதில்.

பழைய காலத்தில் அங்கே படித்தவன், உழவன், கைவினைஞன், வியாபாரி என்று வரிசை வைத்து, வியாபாரியைக் கடைசியில் போட்டார்கள். கௌரவம் இல்லாத தொழில், அதனால் பெண்கள் கையில் விடப்பட்டது. ஆண்கள் போருக்குப் போனார்கள். 1975இல் கம்யூனிஸ்டுகள் ஜெயித்த பிறகு, பழைய தென் வியட்நாம் ஆட்சியில் வேலை பார்த்த ஆண்கள் பலர் 'மறுகல்வி' முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். வீட்டில் இருந்ததை நடைபாதையில் விற்றுக் குடும்பத்தைக் காத்தது பெண்கள்தான். அக்காவின் அம்மா அப்படித்தான் துணி விற்றிருக்கிறார். 1978 மார்ச்சில் தெற்கில் தனியார் வியாபாரத்தையே தடை செய்து, சைகோனின் சீனர் பகுதியான சோ லொன் பக்கத்துக் கடைகளில் சரக்கைக் கணக்கெடுத்து எடுத்துக்கொண்டார்கள். அந்த அம்மா அதற்குப் பிறகும் ஒளித்து விற்றாராம். 1986 டிசம்பரில் கம்யூனிஸ்ட் கட்சியின் ஆறாவது மாநாட்டில் டோய் மோய் என்ற சீர்திருத்தம் வந்தது. சந்தை திறந்தது. அரசு ஆலைகளில் ஆட்குறைப்பும் கூடவே வந்தது. அக்காவின் கணவர் அரசு இயந்திர ஆலையில் இருந்தவர். ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவர் பைக் டாக்ஸி ஓட்டினார், அக்கா சந்தையில் கடை பிடித்தார். முப்பது வருடம் வீட்டில் அரிசி வாங்கியது அக்காவின் காசு. சந்து வீட்டை நாலு மாடியாக உயர்த்தியதும் அந்தக் காசுதான். ஆனால் வீட்டுப் பத்திரம் மாமனார் பெயரில். முன்னோருக்குப் பூசை செய்யும் வீடு, மகன் வழிக்குப் போக வேண்டியது.

இதில் சட்டம் மோசம் என்று சொல்லிவிட முடியாது. 2003 நிலச் சட்டத்திலேயே தம்பதியின் பொதுச் சொத்தாக இருக்கும் நிலத்துக்குப் பத்திரத்தில் கணவன், மனைவி இருவர் பெயரும் வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் மாமனார் சொத்து தம்பதியின் பொதுச் சொத்து இல்லையே. வங்கி அடமானம் கேட்கும், அக்காவிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. அதனால் சீட்டு. வீட்டுச் சாவியும் கல்லாப் பெட்டியும் அவர் இடுப்பில் இருந்தன, கடனும் அங்கேதான் இருந்தது. நான் பார்த்து வியந்த அந்தப் "பொம்பளைங்க ராஜ்ஜியம்" மற்ற பெண்களின் நம்பிக்கையை மட்டும் முதலாக வைத்து நடந்தது. ஒரு பெண் ஓடினால் இருபது பெண்கள் விழுவார்கள். கணவர்களுக்கு அது "வெறும் பொம்பளைங்க சீட்டு". நம்ம ஊரிலும் இந்த வார்த்தையைக் கேட்டிருப்பீர்கள்.

சரி, பணத்துக்கு வருகிறேன். முதலில் போலீசுக்குப் போனேன். அவர்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "இது சிவில் விவகாரம், நீதிமன்றம் போங்கள்" என்றார்கள். எடுத்துக்கொண்டு ஓடும் எண்ணத்தோடு வாங்கினார் என்று காட்ட முடியாதவரை அப்படித்தான் சொல்வார்கள். அடுத்து ஒரு வக்கீல். அவர் கேட்ட முதல் கேள்வி, "பணம் போடும்போது விவரத்தில் என்ன எழுதினீர்கள்?" எனக்காகப் பணத்தைப் போட்ட கார்கோ கம்பெனிக்காரர் 'முன்கூட்டிய தொகை' என்று எழுதியிருந்தார். அங்கே சிவில் சட்டத்தின் 328ஆம் பிரிவில் தாத் கொக் என்று ஒரு ஏற்பாடு உண்டு. ஒப்பந்தத்துக்கு உறுதியாகக் கொடுக்கும் அச்சாரம். அப்படி எழுத்தில் இருந்து விற்பவர் மறுத்தால், கொடுத்ததையும் திருப்பி அதே அளவு இன்னொரு பங்கும் தர வேண்டும். வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் தவிர. வெறும் முன்கூட்டிய தொகை என்றால் கொடுத்தது மட்டும்தான் திரும்பும். என்னிடம் இருந்தது இரண்டாவது. ஆகவே ஒப்பந்தத்திலும் வங்கி விவரத்திலும் தாத் கொக் என்று வியட்நாமிய எழுத்தில் போடச் சொல்லுங்கள். ஒப்பந்தமும் வியட்நாமிய மொழியில் இருக்கட்டும். ஆங்கிலத்தில் மட்டும் வைத்திருந்தால் நீதிமன்றத்துக்கு மொழிபெயர்த்துச் சான்று வாங்க வேண்டும், அது தனிச் செலவு.

வழக்கு போட எவ்வளவு என்றும் கேட்டேன். என் அளவுத் தொகைக்குக் கட்டணம் 5 சதவீதம், வழக்கு போடும்போது அதில் பாதி கட்டினால் போதும், முழுதாக ஜெயித்தால் அது திரும்ப வரும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஜெயித்தாலும் எதை ஜப்தி செய்வது? வீடு அக்காவுடையது இல்லை. கடை? அந்தக் கடையே அவர் வேறொருவரிடம் வாடகைக்கு எடுத்தது என்று அப்போதுதான் தெரிந்தது. இதைக் கண்டிப்பாகக் குறித்துக்கொள்ளுங்கள். சந்தையில் ஒருவர் இருபது வருடமாக உட்கார்ந்திருப்பதால் கடை அவருடையது ஆகிவிடாது. கடையின் பயன்பாட்டு உரிமை ஒருவர் பெயரில் இருக்கும், உட்கார்ந்திருப்பவர் வேறு. ஒவ்வொரு சந்தைக்கும் நிர்வாக அலுவலகம் இருக்கிறது. அங்கே போய்க் கடை எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். இன்னொன்று: 2025 ஜூலை 1 முதல் அந்த நாட்டில் மாவட்டம் என்ற அடுக்கையே எடுத்துவிட்டார்கள், வார்டுகளும் ஒன்றாகிப் பெயர் மாறின. மாவட்ட நீதிமன்றங்கள் போய் வட்டார நீதிமன்றங்கள் வந்தன. விசிட்டிங் கார்டில் இருக்கும் முகவரி பழையதாக இருக்கலாம். வக்கீல் நோட்டீஸ் ஒன்று முகவரி சரியில்லை என்று திரும்பி வந்து எனக்குப் பல நாள் வீண்.

சீட்டு விஷயத்திலும் சட்டம் இருக்கிறது. 2019இல் வந்த அரசாணை ஹுய்யை முறைப்படுத்துகிறது: நோட்டு வைக்க வேண்டும், வட்டி வருடத்துக்கு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஒரு தவணையின் தொகை 10 கோடி டோங் அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, இரண்டு சீட்டு அல்லது அதற்கு மேல் நடத்தினாலோ வார்டு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். நான் பேசிய கடைக்காரர்களில் ஒருவர்கூட அப்படித் தெரிவித்த சீட்டைப் பார்த்ததில்லை. எங்கள் தெருச் சீட்டும் அப்படித்தான், அதனால் நான் வாயைத் திறக்கவில்லை.

தீபாவளி அக்டோபர் 20. அன்றைக்கு நான் சைகோனில் இருந்தேன். அங்கே அது பெண்கள் தினம், 1930இல் பெண்கள் சங்கம் தொடங்கிய நாள். தெருவெல்லாம் பூக்கடை. ஆண்கள் பைக்கில் ரோஜாக் கட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள். மகன் வீடியோ காலில் வெடிச் சத்தம் கேட்க வைத்தான். ட்ருவோங் தின் தெருவில் நம்ம நகரத்தார் காலத்து மாரியம்மன் கோயில் இருக்கிறது, போனேன். ஒரு காலத்தில் அந்த ஊருக்கே வட்டிக்குக் கொடுத்த செட்டியார்கள் எல்லாம் போய்விட்டார்கள். கும்பிடுபவர்கள் இப்போது பெரும்பாலும் வியட்நாமியர்கள். சந்தைப் பெண்கள் சன்னதிக்குப் பின்னால் கல்லில் நெற்றியை வைத்து என்னவோ முணுமுணுக்கிறார்கள். நானும் வரிசையில் நின்று கல்லில் நெற்றியை வைத்தேன். வாயில் வேண்டுதல் வரவில்லை, திட்டுதான் வந்தது. அம்மன் பொறுத்துக்கொண்டிருப்பாள்.

கடைசியில் வழி விட்டது மகள்தான். அவள் சந்தையை வெறுக்கிறாள். அம்மா மாதிரி காலை முதல் இரவு வரை அந்தத் தூசியில் உட்கார மாட்டேன் என்று சொல்லி, ராத்திரி டிக்டாக் லைவில் துணி விற்கிறாள். வீட்டின் இரண்டாம் மாடியில் ஒரு வட்ட விளக்கு, போன் ஸ்டாண்டு, பின்னால் கம்பியில் வரிசையாகத் துணி. அப்பா பேக்கிங் செய்கிறார். ஆமாம், அந்த ஒன்றும் தெரியாத அப்பாதான், பில் ஒட்டி டேப் சுற்றி அடுக்குகிறார். அம்மாவின் மிச்சச் சரக்கை அவள் விற்றுக்கொண்டிருந்தாள். அதில் மூன்றரைக் கோடி டோங் மதிப்புள்ள லேஸை எனக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னாள். மீதிக்கு மாதத் தவணை எழுதி, தாய், தந்தை, மகள் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கணவர் கையெழுத்தை நான் விடாமல் கேட்டு வாங்கினேன். வக்கீல் சொன்னது: குடும்பத்தின் அத்தியாவசியத் தேவைக்கான கடனுக்குத் துணைவரும் சேர்ந்து பொறுப்பு. வியாபாரக் கடன் அதில் வருமா என்று நீதிமன்றத்தில் மல்லுக்கட்ட வேண்டும். கையெழுத்து இருந்தால் அந்த வாதமே வேண்டாம். சந்தையில் இப்படிக் கேட்டால் சிரிப்பார்கள், "அவரிடம் எதற்கு?" என்பார்கள். சிரிக்கட்டும்.

எடுத்த லேஸை இந்தியாவுக்குக் கொண்டுவரும்போது இன்னொரு அடி. ஆசியான் ஒப்பந்தத்தின்படி வரிச் சலுகை கிடைக்க அது வியட்நாமில் உற்பத்தியானது என்ற சான்றிதழ் வேண்டும். சந்தையில் கிடைக்கும் துணியில் நிறைய சீனத்துச் சரக்கு. அதற்கு அந்தச் சான்றிதழ் கிடைக்காது. முறையான பில் கொடுக்க முடியாத சின்னக் கடை என்றால் உள்ளூர்ச் சரக்குக்கே கிடைப்பது கஷ்டம். விலை பேசும் முன்பே, "எந்த ஆலை, பில் கிடைக்குமா, சான்றிதழ் கிடைக்குமா" என்று மூன்றையும் கேளுங்கள். கிடைக்காது என்றால் முழு வரியைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பல சமயம் சூரத்தே மலிவு.

எனக்கு இதுவரை திரும்ப வந்தது, லேஸையும் சேர்த்து, கொடுத்ததில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. விமானம், தங்கல், வக்கீல் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்கு மேல் தனியாகப் போனது. மதுரைக் கடை ஒன்று என்னைவிட்டே போய்விட்டது. தவணை சில மாதம் தேதிக்கு வரும், சில மாதம் இழுக்கும். அவர்களுக்கு சந்திரப் புத்தாண்டான தெத்துக்கு முன்னால் கடனைத் தீர்த்துவிட வேண்டும் என்ற வழக்கம் உண்டு. அந்தச் சமயத்தில் அழுத்திக் கேட்டால் வரும். கேட்டேன், இரண்டு தவணை சேர்ந்து வந்தது. அக்காவை மீண்டும் ஒருமுறை பார்த்தேன். ஊரிலிருந்து திரும்பி வந்து வீட்டுக்குக் கீழே நூடுல்ஸ் விற்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எனக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை, ஒரு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டேன். காசு வாங்க மாட்டேன் என்றார். வம்படியாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மகள் இப்போது தன் பெயரில் கம்பெனி பதிவு செய்து பில் போடுகிறாள். சீட்டுப் பக்கமே போவதில்லையாம். போன மாதம் அவளுக்குச் சின்ன ஆர்டர் ஒன்று கொடுத்தேன். பதினைந்து சதவீதம் முன்பணம், தாத் கொக் என்று எழுதி. மீதி, கார்கோ கிடங்கில் சரக்கை அளந்து பார்த்த பிறகு. அளந்தபோது மூன்று மீட்டர் குறைந்தது. சொன்னேன். ஆலைக்காரனைத் திட்டிவிட்டு, பில்லில் கழித்துப் புது பில் அனுப்பினாள். என் வீட்டுக்காரர் மட்டும் இன்னும், "அந்தக் குடும்பத்தோடயே மறுபடியுமா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.